பாட்டில் ஊதிக் காட்டிய காலை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் டைல்ஸ் தொழிற்சாலையில் வாசல் காவலர் தொடங்கி சூளைக்காரர்கள் வரை அத்தனை பேருக்கும் அவர் ‘பாட்டில்’தான். வயதில் சின்னவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ‘பாட்டில் அண்ணே’ என்பார்கள். குடியை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் விடுவேனா என்கிறது. ஒரு மனுஷன் குடிக்கும்போது அவனுக்குப் பெயர் வைக்க ஊரே வரிசையில் நிற்கிறது, நிறுத்தியபிறகு அதை எடுத்துவிட ஒரு ஆள் வருவதில்லை. என்ன நியாயமோ இது.

இந்த ஆறு வருடமும் அவரிடம் பேச வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் அனுப்பினார்கள். நலம் விசாரிக்கிற சாக்கில் அரை அடி கூடுதலாக நெருங்கி வருவார்கள். சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தால் ‘ம்ம், புரியுது’ என்று ஒரு பார்வை. வேறு யாராவது படியில் தடுக்கினால் படியைத் திட்டுவார்கள். அவர் தடுக்கினால் போச்சு, அன்றைக்கு முழுவதும் அதே பேச்சு. வீட்டிலும் இதே கதைதான். சாயங்காலம் கதவைத் திறந்ததும் வீட்டம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைக் கிட்டக் கொண்டுவருவார்.

“ஆறு வருஷமா என் காலர் கோணலாவே இருக்கு போல” என்பார் அவர்.

“நேராத்தான் இருக்கு. இருந்தாலும் பாத்துக்கறேன்” என்பார் வீட்டம்மா.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபம் அவருக்கு வரவே வராது. நல்ல பெருத்த உடம்பு. சிரித்தால் தொந்தி முதலில் குலுங்கும், சத்தம் அப்புறம்தான் வரும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். அது வண்டி.

வண்டி என்றால் கிடங்கில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட். முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய மரத்தட்டை அடியில் கைகொடுத்துத் தூக்கி, மேல் தட்டு வரை ஏற்றி வைக்கும். ஒரு காலத்தில் அந்த வண்டிக்கு ராஜா அவர்தான். அவர் சரக்கை இறக்கி வைத்தால் தரையில் பட்ட ஓசை கேட்காது. இறங்கிவிட்டதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். லாரிக்காரர்கள் ‘அவர் வரட்டும், அப்புறம் ஏத்திக்கறோம்’ என்று டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்த ராஜாதான் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டோடு சேர்த்து வேறு எதையோ போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். திருப்பத்தில் கை அசந்தது. சரக்கு சரிந்தது. பெட்டிகள் போய் விழுந்தது வேறு யார் காலிலும் இல்லை, அவருடைய சொந்த மைத்துனர் காலில். வீட்டம்மாவின் தம்பி, தொழிற்சங்கச் செயலாளர், அன்றைக்கு வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டிக்கொண்டிருந்தார். இடது காலில் இரண்டு விரல்கள் போயின. செய்தவர் நம் ஆள் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. செய்தது தப்பு, பெரிய தப்பு. வண்டியைப் பிடுங்கி, அவரைப் பெட்டிகளுக்கு முத்திரைச் சீட்டு ஒட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். வேலையை விட்டே தூக்கியிருக்க வேண்டும். தூக்காதே என்று நிர்வாகத்திடம் பேசியவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த அதே மைத்துனர்தான்.

வீட்டம்மா அப்போது கத்தவில்லை, அழவில்லை. தம்பிக்கு நடக்க வரும்வரை அவன் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டு, அப்புறம் பையோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்று, “உள்ள வரட்டுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு விட்டவர் விட்டவர்தான். சுலபமாக இல்லை. கை நடுங்கியது, வியர்த்து ஊற்றியது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. மிட்டாயாக வாங்கித் தின்று தின்று இந்தத் தொந்தி வந்ததே அப்போதுதான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

மைத்துனர் அதற்கப்புறம் அவரிடம் பேசாமல் இல்லை. வருவார், சாப்பிடுவார், சங்கத்து அக்கப்போரெல்லாம் சொல்வார், மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறந்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டார். இருக்கை காலி. ஓட்டத் தெரிந்த ஆள் முத்திரை ஒட்டும் மேஜையில் பசைக் கையோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத வண்டிப்பக்கம் போய், கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு வருவார்.

அதே வாரம் மேனேஜர் ஒரு அறிவிப்பை ஒட்டினார். இனிமேல் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. போதை மாத்திரை, பொடி இதற்கெல்லாமும் சோதனை பின்னால் வரும். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் யாரோ போதையில் சுவிட்சை மாற்றிப் போட்டுவிட்டார்களாம், அதிலிருந்து மேனேஜருக்குத் தூக்கம் போய்விட்டது.

தொழிற்சாலை கொதித்தது. கேன்டீனில் கூட்டம். மைத்துனர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

“நாம வேலைக்கு வர்றோமா, இல்ல ஜாமீன்ல வர்றோமா?” என்றார். “தப்பு பண்ணவனைப் பிடி, நானே பிடிச்சுத் தர்றேன். அதுக்காக எல்லார் வாயிலயும் குழாயைச் சொருகுவியா? இன்னைக்கு ஊதச் சொல்றான். நாளைக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்து மூத்திரம் கேப்பான். யாரு என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எதுக்கு டாக்டர்கிட்ட போறாங்க, எல்லாம் இவன் மேஜைக்குப் போகும். அவனுக்கு அது எதுக்கு?”

பேக்கிங் பிரிவில் மன உளைச்சலுக்கு மாத்திரை சாப்பிடும் பெண் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனர் சொன்னதில் நியாயம் இருந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது அடங்குகிற நேரம் பார்த்து நம் ஆள் எழுந்தார்.

“நான் ஊதுறேன்” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“இப்பவே வேணும்னாலும் ஊதுறேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எனக்கு ஆட்சேபணையே இல்ல.”

“அண்ணே ஊதினா மெஷினுக்கே போதை ஏறிடும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கேன்டீனே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குத் தொந்தி குலுங்கவில்லை. அவருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

சாயங்காலம் மைத்துனர் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

“வண்டிக்காக எங்க எல்லார் வாயையும் வித்துட்டீங்களே மாமா.”

“உங்க வாய் எனக்கு எதுக்குடா மாப்ள? என் வாயைத்தானே கொடுக்கறேன்.”

“நீங்க ஒருத்தர் போய் ஊதிட்டா, ஊதமாட்டேன்னு சொல்றவன் எல்லாம் குடிகாரன்னு ஆயிடும். அதை யோசிச்சீங்களா?”

அதை அவர் யோசிக்கவில்லை. உறைத்தது. கொஞ்ச நேரம் சாப்பாட்டு மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, உன்னைச் சும்மாவே நம்பறாங்க. நீ குடிக்கலைன்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுது. நான் ஆறு வருஷமா சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இப்பத்தான் எனக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு. அது மெஷினா இருந்தா எனக்கென்ன?”

“நாங்க நம்பலைன்னு யாரு சொன்னது?”

“நம்பறேன்னு நீ சொன்னதில்லையே மாப்ள.”

மைத்துனர் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அடுக்களையிலிருந்து வீட்டம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

“மேஜையைத் தட்டாதே. இது என்ன சங்கத்து மேஜையா?” என்றார் தம்பியிடம். “ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். சத்தம்தான் ஜாஸ்தி. ஊதறதுன்னா மேனேஜரும் ஊதட்டும், வாட்ச்மேனும் ஊதட்டும். சிவப்பு வந்தா உடனே ஆளைத் துரத்தக் கூடாது, கொஞ்ச நேரம் உக்கார வச்சு இன்னொரு தரம் ஊத விடணும். கிண்ணம் கிண்ணம்னியே, அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இதைப் போய் கேளு. கேக்கத் துப்பில்லாம இங்க வந்து என் வீட்டுக்காரரை அதட்டறே.”

அக்காள் பேச்சுக்கு மறுபேச்சு அந்தக் குடும்பத்தில் கிடையாது. செயலாளர் பதவியெல்லாம் வாசலோடு சரி. மறுநாளே மைத்துனர் அந்த மூன்றையும் சங்கத்தின் கோரிக்கையாக்கி மேனேஜர் முன்னால் வைத்தார். முகத்தைச் சுளித்துச் சுளித்து, கடைசியில் மேனேஜர் ஒத்துக்கொண்டார். வண்டி விஷயத்தையும் மைத்துனரே பேசினார். ‘பச்சை காட்டினால் அன்றைக்கே சாவி’ என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சோதனை தொடங்கும் நாள் நெருங்க நெருங்க நம் ஆள் தன் உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்த்தார். குடிக்காத மனுஷனுக்கு என்ன பயம் என்று கேட்கலாம். ஆறு வருடமாக ஊரே மோந்து பார்த்த ஆளுக்குத் தன் மூச்சின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பழைய வாடை எங்காவது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்குமோ? யோசித்தார். மேனேஜர் பக்கத்தில் வந்தாலே புதினா மணம் கமகமவென்று வீசும். அவரை யாரும் மோந்து பார்ப்பதில்லை. அது என்ன சமாச்சாரம் என்று ஆபீஸ் பெருக்கும் அம்மாவிடம் விசாரித்தால், அவர் அறையில் வாய் கொப்பளிக்கிற பச்சைத் தண்ணீர் ஒரு புட்டியில் இருக்கிறது, வந்ததும் முதல் வேலை அதுதான் என்று தெரிந்தது. கடைக்குப் போய் அதே புட்டியை வாங்கிவிட்டார். வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, வாசல் பக்கத்துக் கழிவறையில் நின்று, புட்டியைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்தார். நாக்கு எரிந்தது. எரிந்தால் நல்லதுதான் என்று இன்னொரு வாய். மணக்க மணக்க வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். முதலில் ஊத வேண்டியவர் மேனேஜர். அவரோ அறையிலிருந்து இன்னும் வரவில்லை. முதலுதவி அறை நர்சம்மா மேஜையைப் போட்டுக் கருவியை எடுத்து வைத்தார். பின்னால் வரிசை நீள ஆரம்பித்தது.

“சார் வர்றதுக்குள்ள ஒருத்தர் முடிச்சிடலாமா?” என்றார் நர்சம்மா. “யாரு ஊதறீங்க?”

கேட்டதுதான் தாமதம், அவர் குழாயைப் பிடித்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதினார்.

சிவப்பு.

கருவி கீச்சென்று வேறு கத்தியது. யாராவது கிண்டல் செய்திருந்தாலாவது பரவாயில்லை. ஒருத்தரும் செய்யவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி, பக்கத்தில் சங்கத்துச் சார்பில் நின்றுகொண்டிருந்த மைத்துனரைப் பார்த்தார்.

“மாப்ள, நான் குடிக்கல.”

மைத்துனர் அவரைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை.

“கால் மணி நேரம் உக்காருங்க மாமா. ரூல் அதான்” என்றார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து சேர்ந்தார். சிவப்பைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“இதுக்குத்தான் நான் பயந்தேன்” என்றார். “இவரை நம்பி வண்டியைக் கொடுங்கன்னு வந்து கேட்டீங்களே.”

“சார், நீங்க இன்னும் ஊதல” என்றார் மைத்துனர்.

“எனக்கெதுக்குங்க, நான் அந்த வாடையே பிடிக்காத ஆள்.”

“ரூல் சார்.”

மேனேஜர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, குழந்தை பலூன் ஊதுகிற அலட்சியத்தில் ஒரு ஊது ஊதினார். கருவி கீச்சென்றது. சிவப்பென்றால் சிவப்பு, முன்னதைவிடப் பளிச்சென்று.

வரிசையில் ஒருத்தருக்கு விக்கல் வந்துவிட்டது. மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “இது தப்பு, மெஷின் தப்பு, நான் வாழ்க்கையில தொட்டதில்ல” என்று நர்சம்மாவிடம் முறையிட்டார். சற்று முன்னால் நம் ஆள் சொன்ன அதே பேச்சுதான் இப்போது அவர் வாயிலிருந்தும் வந்தது. நர்சம்மா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இப்ப வாயில ஏதாவது போட்டீங்களா?”

“ஒண்ணுமில்லையே. வந்ததும் வாய் கொப்பளிச்சேன், அவ்வளவுதான்.”

“பச்சைத் தண்ணியா?” என்றது ஒரு குரல். பாட்டில்தான். பையைத் துழாவி எடுத்துக் காட்டினார். “இதுவா சார்?”

நர்சம்மா புட்டியை வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அதில் கலந்திருப்பதே ஆல்கஹால்தான், வாயில் அந்த ஈரம் காயும்வரை எவர் ஊதினாலும் கருவி கத்தத்தான் செய்யும் என்றார். அது முடிகிறவரை காத்திருந்த வரிசை அப்புறம் வெடித்தது பாருங்கள். சூளைக்காரர்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். மாத்திரை சாப்பிடும் பேக்கிங் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தொழிற்சாலை கட்டியதிலிருந்து அப்படிச் சிரித்திருக்காது.

இரண்டு பேரையும் வெறும் தண்ணீரில் வாய் கழுவச் சொல்லி, ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார் நர்சம்மா. பக்கத்தில் பக்கத்தில், புதினா மணக்க உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

“எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க” என்றார் மேனேஜர் மெதுவாக. “கூசுது.”

“எனக்கு ஆறு வருஷமா பழக்கம் சார்” என்றார் அவர். “கொஞ்ச நேரத்துல பழகிடும்.”

மேனேஜர் அதற்குச் சிரிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மேனேஜர் ஊதினார், பச்சை. நம் ஆள் எழுந்து போய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதினார். கருவி கப்சிப். கண்ணைத் திறக்கவே பயந்து நின்றவரை, “பச்சைதான், வழிவிடுங்க, பின்னால ஆள் நிக்கறாங்க” என்று நர்சம்மாதான் நகர்த்தினார். மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, எல்லோர் முன்னாலும் கையில் கொடுத்தார். வரிசையே கைதட்டியது.

நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தொந்திக்கு இடம் பண்ண இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினார், உறுமிற்று. முதல் சரக்கைக் கைகொடுத்துத் தூக்கினார். ஆள் உயரத்துக்குமேல் பெட்டிகள், முன்னால் ஒன்றும் தெரியாது. அப்படி ஏற்றினால் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து வழி காட்ட வேண்டும். எட்டிப் பார்த்து, “யாராவது வாங்கப்பா” என்றார்.

ஒருத்தர் சரக்கு எண்ண வேண்டும் என்றார். ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போனார். சற்று முன்னால் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான், அவருக்காகக் கைதட்டியவர்கள்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பச்சை விளக்கு எரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் அந்த வண்டி முன்னால் போய் நிற்க ஒரு காலும் நகரவில்லை. இஞ்சின் சும்மா உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கை மெல்லச் சாவியின் பக்கம் போயிற்று. இறங்கிப் போய் முத்திரை ஒட்டலாம் என்றே நினைத்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைத்துனர் வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற அதே நடை. நேராக வந்து, நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கைகளுக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கினார்.

“வாங்க மாமா.”

வண்டி நகர்ந்தது. வழிகாட்டி முன்னால் நடந்தார். வழிகாட்டுகிறவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும். இவரோ முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பழைய திருப்பத்தை நோக்கி, கைகளை வீசிக்கொண்டு கடைவீதிக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். சரக்கின் ஓரமாகத் தலையை நீட்டி அந்த முதுகைப் பார்த்த நம் ஆள் வேகத்தை இன்னும் குறைத்தார்.

“திரும்பிப் பாத்து நட மாப்ள. அதானே ரூல்.”

“ரூல் பாத்தது போதும்” என்றார் மைத்துனர், திரும்பாமலே. “நீங்க ஓட்டுங்க மாமா.”

திருப்பம் வருவதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. துடைத்துக்கொண்டு, மெதுவாக வளைத்து, சரக்கை அதன் இடத்தில் இறக்கி வைத்தார். ஓசை கேட்கவில்லை. மைத்துனர் அப்போதும் திரும்பவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.